பாலம் ஏறாத கார்

எங்கள் காருக்கு முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் பெருமை. பின்னால் இருக்கும் கண்ணாடியும் தகரமும் சேர்ந்து ஒரே கதவாக மேலே தூக்கிக்கொள்ளும். எழுபதுகளின் தொடக்கத்தில் மெட்ராஸில் அப்படிப்பட்ட கார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மந்தைவெளியில் எங்கள் தெருவில் அதைத் திறந்து வைத்தால், போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டு, "என்ன மாமி, வண்டி உடைஞ்சிடுத்தா?" என்று அனுதாபமாக விசாரிப்பார்கள். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு பாதிரியாரிடமிருந்து என் கணவர் வாங்கிய கார். பாதிரியாரே அதைப் பழசாகத்தான் வாங்கியிருந்தார்.

அந்தக் கதவுக்காகத்தான் இவர் அதை வாங்கினார். பள்ளிக்கூடங்களுக்கும் காலேஜுகளுக்கும் ரசாயனக் கூடத்துக்கு வேண்டிய கண்ணாடிச் சாமான் கொண்டுபோய் விற்பது அவர் தொழில். குடுவைகளையும் சோதனைக் குழாய்களையும் வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்குவது என் வேலை. பெட்டியைப் பஸ்ஸில் ஏற்ற விடமாட்டார்கள். ஒரு தடவை சைக்கிள் ரிக்‌ஷாவில் அனுப்பியதில், தி. நகர் போய்ச் சேர்வதற்குள் பாதிப் பெட்டி தூளாகிவிட்டது. கார் ஓடினால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். இதில் மிகைப்படுத்த ஒன்றுமில்லை.

ஒரு கோடையில் அவருக்கு விஷக்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போயிற்று, ஆனால் போகும்போது வலது காலின் பலத்தையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போய்விட்டது. நடப்பார், மாடி ஏறுவார், பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அழுத்தி மிதிக்க வேண்டியதென்றால்தான் கால் சொன்னபடி கேட்காது. டாக்டர் நரம்பு என்றார், ஊசி போட்டார், கார் ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார். வைக்கோலையா நாங்கள் சாப்பிட முடியும்?

அந்தக் காரின் பிரேக் நல்ல காலிலேயே ஏறி நின்று மிதிக்க வேண்டிய பிரேக். முன் சக்கரங்களுக்கு எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும். பின் சக்கரங்களுக்குக் கம்பியும் கொக்கியும்தான். பின்னால் பாரம் ஏற்றிவிட்டால் அது நிற்பதா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் நிற்கும். லஸ் முனையில் ஒரு நாள் ஒரு பசுமாட்டின் மூக்குக்கு எதிரே போய் நின்றது. மாடு அசையவில்லை. இவர்தான் வேர்த்து விறுவிறுத்து வீடு வந்து சேர்ந்தார்.

"கால்ல ஒரு தப்பும் இல்லை. பிரேக்லதான் தப்பு. அதை லேசாக்கிட்டா நான் பாட்டுக்கு ஓட்டிண்டிருப்பேன்," என்றார்.

எங்களோடு என் நாத்தனாரும் இருந்தாள். அவருக்கு மூத்தவள், கல்யாணமாகிச் சீக்கிரமே தனியாகிவிட்டவள். நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வாசல் அறையில் தையல் மிஷின் போட்டுத் தெருவுக்கே ரவிக்கை தைத்துக் கொடுப்பாள். தம்பி மேல் உயிர். அவன் காரை எடுத்தால் அவன் திரும்பி வரும்வரை ஒரு ரவிக்கைக்குக்கூடக் கழுத்து வெட்டமாட்டாள்.

சிந்தாதிரிப்பேட்டையில் கூவத்தை ஒட்டிய சந்தில் ஒரு மெக்கானிக் இருந்தார். பேச்சுக்குக் குறைவில்லாத ஆள். சீமையிலிருந்து புதுச் சாமான் வரவழைப்பதெல்லாம் நம் சக்திக்கு ஆகாது என்று அவரே சொல்லிவிட்டார். அடிபட்டு ஓய்ந்த பெரிய வண்டிகளிலிருந்து எடுத்த பழைய சாமான்களை வைத்து எங்கள் காருக்குப் பிரேக் கட்டித் தருவதாக ஏற்பாடு. நாலு சக்கரத்துக்கும் எண்ணெய் பிரேக், அதோடு பூஸ்டர் என்று ஒரு உருண்டை டப்பா. எஞ்சின் உறிஞ்சுகிற காற்றின் பலத்தில் அது வேலை செய்யுமாம்.

"நீ லேசா வெச்சா போதும் சார். மீதிய அது மிதிச்சிக்கும். உன்கூட சேந்து இன்னொரு ஆளு மிதிக்கிற மாதிரி," என்றார்.

அந்த வார்த்தை அப்போதே எனக்குப் பிடிக்கவில்லை. பழைய சாமான் கடைக்கு நானும் போயிருந்தேன். கதவுகள் ஒரு குவியல், ஸ்டியரிங் சக்கரங்கள் ஒரு குவியல், நடுவில் மூக்கு நசுங்கிய ஒரு பெரிய கார். அதன் கண்ணாடியில் காய்ந்த மல்லிகைச் சரம் ஒன்று இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. பூஸ்டரை அதிலிருந்துதான் கழற்றினார்கள். வீட்டுக்கு வந்ததும் அக்கா முதலில் கேட்டது, "அந்த வண்டில இருந்தவா பிழைச்சாளா?" என்றுதான். கடைக்காரரிடம் அதையெல்லாம் யார் கேட்பார்கள் என்று எரிந்து விழுந்தேன். உண்மையில் கேட்க வாய் வந்தது, நான்தான் கேட்கவில்லை.

பிரேக் கட்டி முடித்ததும் கார் வேறு கார் ஆகிவிட்டது. குழந்தையின் கன்னத்தைத் தொடுகிற மாதிரி தொட்டால் போதும், நின்றது. தெருவில் மேலும் கீழும் ஓட்டி, எங்கள் வாசலில் நிறுத்தி நிறுத்திக் காட்டினார். காய்ச்சலுக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அந்த மாதம் பள்ளிக்கூடங்களுக்கு நிறையச் சாமான் போயிற்று.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு வீடு அக்காவின் ஆட்சி. தையல் மிஷினிலிருந்து அரிவாள்மணைவரை துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். காரின் முன் மூடியைத் திறக்கச் சொல்லி எஞ்சினுக்கும் பொட்டு வைத்தாள், அந்தப் பூஸ்டருக்கு மட்டும் இரண்டு பொட்டு. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

அதற்கப்புறம் சில நாட்களில் ஒரு மத்தியானம் அவர் வெகு நேரம் கழித்துச் சாப்பிட வந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"க்ரீன்வேஸ் ரோடு தாண்டி, அடையாறு பாலம் ஏறப் போறேன், வண்டி நின்னுடுத்து," என்றார்.

"பெட்ரோலா?"

"எஞ்சின் ஓடிண்டிருக்கு. நான் பிரேக்கைத் தொடவே இல்லை. யாரோ பின்னாடி பிடிச்சு இழுக்கற மாதிரி மெதுவா மெதுவா நின்னுது. இறங்கித் தள்ளிப் பார்த்தேன், அசையலை. கொஞ்ச நேரம் கழிச்சு ஏறி உக்காந்தா, ஒண்ணுமே நடக்காத மாதிரி போறது."

இரண்டாவது தடவையும் அதே இடம். பாலத்தின் ஏற்றம் தொடங்குகிற இடம். பாலம்தான் கோளாறு என்று நான் கேலி செய்தேன். அடுத்து சைதாப்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனார். நந்தனம் தாண்டியதுமே வண்டி கனக்க ஆரம்பித்து, சைதாப்பேட்டைப் பாலத்தின் ஏற்றத்தில் நின்றுவிட்டது. அதுவும் அடையாற்றின் மேல் போகும் பாலம்தான். அதற்கப்புறம் எனக்குக் கேலி வரவில்லை.

"அந்த நதியைத் தாண்ட விடமாட்டேங்கறது எதுவோ," என்றாள் அக்கா. "அந்தப் பக்கம் போனா உனக்கு ஆகாதுன்னு தடுக்கறது. காரோட வந்ததோ, காப்பாத்த வந்ததோ."

"மைலாப்பூர்லயும் மந்தைவெளியிலயும் சும்மா இருக்கிற பேய், பாலத்துக்குப் பாலம்தான் வருமா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு எனக்கே அது பதில் மாதிரி இல்லை. பக்கத்துத் தெருக்களில் போகும்போதெல்லாம் நிற்காத கார், ஆற்றங்கரைக்குப் போனால் மட்டும் நின்றது.

சிந்தாதிரிப்பேட்டைக்குக் கொண்டுபோனோம். வழியில் இரண்டு மூன்று கடைகளில் வெகுநேரம் நிறுத்திவிட்டுப் போனதால், போய்ச் சேரும்போது கார் சமர்த்தாக இருந்தது. மெக்கானிக் படுத்துப் பார்த்தார், சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார், மூடியைத் திறந்து எண்ணெயைப் பார்த்தார். "எண்ணெ ஃபுல்லா கீது," என்று மூடினார். சந்தில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"சார், கோச்சுக்காத. வண்டில ஒண்ணியும் இல்ல. பிரேக்கு பூ மாதிரி கீது. உன் காலு அது மேல குந்திக்கினு கீது, அவ்ளோதான். முன்ன இருந்த பிரேக்குக்குக் கால சும்மா வெச்சா ஒண்ணியும் ஆவாது. இதுக்கு வெயிட்டு பட்டாலே நிக்கும்."

"நான் காலை வெக்கலையே," என்றார் இவர்.

"வெச்சது உனக்குத் தெர்லயோ இன்னாவோ."

அவர் இதைக் குத்தலாகச் சொல்லவில்லை. வேலை முடிந்த ஒரு மனிதர் அடுத்த வண்டிக்குப் போகிற அவசரத்தில் சொன்னது. இவர் முகத்தில் ரத்தமே இல்லாமல் போனதை நான் பார்த்தேன். அதுவரை காரில் இருந்த பயம் அந்த நிமிஷம் காரைவிட்டு இறங்கி அவர் உடம்பில் ஏறிக்கொண்டது. திரும்பி வரும் வழி முழுக்க அவர் ரோட்டைப் பார்த்ததைவிடத் தன் முழங்காலைப் பார்த்ததுதான் அதிகம்.

நானும் அவர் காலைப் பார்க்க ஆரம்பித்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது, கிணற்றடியில் நிற்கும்போது, அவருக்குத் தெரியாமல் பார்ப்பேன். கட்டியவரின் காலை யாரோ ஒருவருடைய கால் மாதிரி பார்ப்பது என்ன பிழைப்பு என்று என் மேலேயே கோபம் வரும். ஒரு சாயங்காலம் இருவரும் தெற்கு மாட வீதியில் நடந்து வந்துகொண்டிருந்தோம். காய்கறிக்காரி ஒருத்தி பின்னாலிருந்து கூவினாள்.

"யோவ் சாமி, செருப்ப வுட்டுட்டுப் போறியே!"

திரும்பிப் பார்த்தோம். அவருடைய வலது செருப்பு நடுத்தெருவில் தனியாகக் கிடந்தது. வெறுங்காலோடு அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார். செருப்பை மாட்டிக்கொண்டு, "வார் தொளதொளன்னு ஆயிடுத்து," என்றார். நானும் ஆமாம் என்றேன்.

அடுத்த தடவை அடையாறுக்குச் சாமான் போக வேண்டியிருந்தது. நானும் வருகிறேன் என்று பிடிவாதமாக ஏறிக்கொண்டேன். உச்சி வெயில். க்ரீன்வேஸ் ரோட்டில் பங்களாக்களின் மதிலும் மரமும்தான், ஆள் நடமாட்டம் இல்லை. பின்னால் என் வைக்கோல் பெட்டிகள். நான் வெட்கத்தைவிட்டுக் குனிந்து அவர் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவரும் பார்க்கட்டும் என்று முழங்காலைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டார். கால் பிரேக்கின் மேல் இல்லை. ஆனால் கார் கனத்தது. எஞ்சின் முனகியது. பாலத்தின் ஏற்றத்தில் பாதி ஏறி நின்றுவிட்டது.

"பார்த்தியா? கால் எங்க இருக்கு, சொல்லு," என்றார்.

"ஆக்ஸிலேட்டர் மேலதான் இருக்கு. பிரேக்ல இல்லை."

"சத்தியமா?"

"சத்தியமா."

இறங்கினோம். சக்கரங்களிலிருந்து கருகிய வாடை வந்தது. இருவரும் சேர்ந்து தள்ளினோம், நட்டுவைத்த கல் மாதிரி நின்றது. கைபிரேக் போடக்கூடத் தோன்றவில்லை, அசையாத வண்டிக்கு எதற்கு? ஓரமாக ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் போய் நின்றோம். பழைய பாலத்துக்குப் பக்கத்தில் அப்போதுதான் புதுப் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மேலே தளம் போடாத தூண்கள் மட்டும் தண்ணீரில் வரிசையாக நின்றன. கூலியாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஆற்றிலிருந்து காற்றுகூட வரவில்லை.

எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது. முதலில் கண்ணாடிச் சாமான்களின் சத்தம்தான் கேட்டது. காருக்குள் யாரோ மெல்ல உட்கார்ந்து எழுந்த மாதிரி ஒரு கிணுகிணுப்பு. அப்புறம் கார் நகர்ந்தது. உள்ளே யாரும் இல்லை. ஸ்டியரிங் சக்கரம் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பியது, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பியது, கார் பின்பக்கமாகவே இறக்கத்தில் அவசரமில்லாமல் இறங்கிப் போயிற்று. இவர் ஓடப் பார்த்தார், கால் மடங்கி மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நான் ஓடினேன், ஓடி என்ன செய்வதென்று தெரியாமல் கூடவே ஓடினேன். ரோட்டோரம் பாலம் கட்டுவதற்குக் கொட்டியிருந்த மணலில் முட்டிக்கொண்டு அது தானாக நின்றது. ரோட்டில் ஒரு சைக்கிள் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் நடுங்குகிறது.

அவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார். காரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"நான் உள்ளே இல்லையே?" என்று கேட்டார்.

"நீங்க என் பக்கத்துல நின்னேள்."

"நான் இல்லையே?"

சின்னக் குழந்தை கேட்பதுபோல் கேட்டார். அந்தக் கேள்வியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கார் தானாக நகர்ந்ததைக்கூடத் தாங்கிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் காபியைக் கையில் வைத்துக்கொண்டு, காரை விற்றுவிடலாம் என்றார். தொழிலையும் விட்டுவிடலாம், பாரிமுனையில் யார் கடையிலாவது கணக்கெழுதப் போகிறேன் என்றார். "நகர்ந்தது வண்டிதான், ஒத்துக்கறேன். ஆனா நின்னது வண்டியா நானா, எனக்கே தெரியலை. உன் கண்ணுல படறச்சே கால் ஒழுங்கா இருந்திருக்கும். தன் கால் எங்க இருக்குன்னு தெரியாதவன் கண்ணாடியை ஏத்திண்டு எப்படிப் போறது?"

அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். "நான் பண்ணின பூஜைல என்ன குறை? எல்லாத்தையும் துடைச்சேன், எல்லாத்துக்கும் எண்ணெய் விட்டேன். மிஷினுக்கு, ஃபேனுக்கு, சைக்கிளுக்கு... உன் காருக்குக்கூட அந்தக் கிண்ணத்துல குறைஞ்சிருந்துதுன்னு வழிய வழிய விட்டேனே! அன்னிக்கு எந்த மிஷினும் வறண்டு நிக்கப்படாதுன்னு..."

"எந்தக் கிண்ணம்?" என்றார் இவர்.

"மூடி போட்டு, டிகாக்‌ஷன் பாத்திரம் மாதிரி இருக்குமே. பூஸ்டருக்குப் பக்கத்துல."

அவர் காபியை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்குப் போனார். இன்னும் வெளிச்சம் இருந்தது. பிரேக் எண்ணெய்க் கிண்ணத்தின் மூடியைத் திறந்து, விரலை விட்டு முகர்ந்தார். எனக்கும் நீட்டினார். வாசல் அறையில் எப்போதும் இருக்கும் தையல் மிஷின் எண்ணெய் வாசனை. அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, காரின் மேலேயே சாய்ந்துகொண்டார். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை, தன்னைக் கேலி செய்கிறான் என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நான் உள்ளே போய்ச் சமையலறையில் ஒரு பாட்டம் அழுதேன். சந்தோஷத்தில் அழுதது என் வாழ்க்கையில் அப்படி எத்தனை தடவை இருக்கும்!

சிந்தாதிரிப்பேட்டை மெக்கானிக் எல்லாவற்றையும் கழற்றிக் காட்டினார். பிரேக்குக்கென்று தனி எண்ணெய்தான் விட வேண்டுமாம், மிஷின் எண்ணெய் பட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் உப்பிவிடுமாம். அவர் உள்ளங்கையில் வைத்துக் காட்டிய ரப்பர்கள் ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி இருந்தன. கொஞ்ச தூரம் ஓட்டிப் பிரேக் சூடானதும், உள்ளே இருக்கும் எண்ணெய் விரிந்து, திரும்பிப் போக வழியில்லாமல் தானே சக்கரத்தைப் பிடித்திருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து கிளம்பினால் சூடு ஏறுவதற்கும் ஆறு வருவதற்கும் சரியாக இருந்திருக்கிறது, ஏற்றம் வேறு. ஆறிய பிறகு விட்டுவிடும். பேயும் இல்லை, தடுக்கிற தெய்வமும் இல்லை, எங்கள் அக்காவின் எண்ணெய்க் குப்பிதான்.

"சார், அன்னிக்கி உன் கால தப்பா சொல்லிட்டேன். மன்ச்சிக்க," என்றார் மெக்கானிக். குனிந்து இவர் முழங்காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதுபோல் ஜாடை வேறு காட்டினார். இவர் வாய்விட்டுச் சிரித்தார்.

ரப்பரெல்லாம் மாற்றி, குழாய்களை ஸ்பிரிட் விட்டுக் கழுவி, புது எண்ணெய் விட்டாயிற்று. கொண்டுவிட வந்த மெக்கானிக் என்னையும் அக்காவையும் பின்னால் உட்காரவைத்து, இவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அடையாறு பாலத்தில் ஏறி அந்தப் பக்கம் போய்த் திரும்பி, சைதாப்பேட்டைப் பாலத்தையும் ஒரு தடவை தாண்டிக் காட்டினார். கார் எங்கேயும் தயங்கவில்லை. பாலத்தின் மேல் அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். இனிமேல் காருக்குப் பொட்டு மட்டும்தான் வைப்பேன் என்று அவளே சொல்லிவிட்டாள்.

மறுநாளே அடையாறுக்குச் சாமான் கிளம்பியது. நான் போக வேண்டிய அவசியம் எதுவும் இல்லை, ஆசைக்காகத்தான் போனேன். புதுப்புடவை கட்டிக்கொண்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அவர் முனகலாகப் பாடிக்கொண்டே ஓட்டினார். மந்தைவெளியில், இந்த வருஷம் வியாபாரம் நன்றாக நடந்தால் பெங்களூர்வரை காரிலேயே போய்விட்டு வரலாம் என்றார். நான் செருப்பையெல்லாம் மறந்தே போனேன். தொளதொளத்த வார் என்றுதான் அப்போது என் மனசு சொல்லியிருக்கும்.

க்ரீன்வேஸ் ரோடு வந்தது, மரங்கள் வந்தன, பாலத்தின் ஏற்றம் வந்தது. எங்களுக்கு முன்னால் மூங்கில் ஏற்றிய ஒரு மாட்டுவண்டி மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. அவர் பிரேக்கைத் தொட்டார், கார் நின்றது. மாட்டுவண்டி கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் போய், பாலத்தின் மேல் ஏறி, தூரப் போய்விட்டது. எங்கள் கார் நின்ற இடத்திலேயே நின்றது.

பின்னால் ஒரு டாக்சி ஹாரன் அடித்தது. இவர் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார். எஞ்சின் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது, கார் அசையவில்லை. அவர் நெற்றியில் வேர்வை அரும்புவது தெரிந்தது.

"பார்த்தியா," என்றார். "இன்னும் சரியாகலை. மறுபடியும் பிடிச்சிண்டுடுத்து."

என்னையறியாமல் கண் கீழே போயிற்று. அவருடைய வலது கால் பிரேக்கின் மேல் இருந்தது. ஓரத்தில் பட்டுக்கொண்டு இல்லை, பாதம் முழுவதும் பதிந்து, நிம்மதியாக உட்கார்ந்திருந்தது. இன்னும் ஒரு தடவை பார்த்தேன். பேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

டாக்சிக்காரன் எங்களைத் திட்டிக்கொண்டே சுற்றிக்கொண்டு போனான்.

"காலை எடுங்கோ," என்றேன்.

அவர் பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுத்துட்டேனே," என்றார்.